தளம் போடுவதற்கு முன் வெளிச்சத்தைத் தீர்மானியுங்கள்: புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு

புது வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள். அம்மா துவரம்பருப்புத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புற வாசலுக்குப் போனார். சமையலறையில் கூரையில் பதித்த ஆறு டவுன்லைட்டும் ஒரு டியூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. "ஏம்மா, உள்ளேயே பார்க்கலாமே" என்றேன். "உள்ளே நின்னா என் தலை நிழலே தட்டுல விழுதுப்பா. கல்லு எது, பருப்பு எதுன்னு தெரியல" என்றார்.

அன்று சாயங்காலமே, வெளிச்சத்தின் அளவைக் காட்டும் லக்ஸ் மீட்டர் ஒன்று ஆர்டர் செய்தேன். அது வந்ததும் தட்டை மேடையில் வைத்து அளந்தேன். அம்மா நகர்ந்து நின்றால் 180 லக்ஸ். வந்து நின்று வேலை செய்தால் 70. ஏழு விளக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன. இதைச் சரிசெய்ய, புதிதாக ஒட்டிய டைல்ஸை உடைத்து, சுவரை வெட்டிப் பைப் புதைத்து, மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டியதாயிற்று. வீடு கட்டும்போதே யோசித்திருந்தால் ஒரு பாயிண்டுக்கான கூலியோடு முடிந்திருக்கும்.

திருச்சிக்குப் பக்கத்தில் 1,100 சதுர அடியில், இரண்டு படுக்கையறை உள்ள வீடு எங்களுடையது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வீட்டைக் கட்டும்போதும், கட்டிய பிறகு திருத்தும்போதும் கற்றுக்கொண்டது. உங்கள் வீடு அஸ்திவாரத்திலோ லிண்டல் மட்டத்திலோ இருந்தால் சரியான நேரத்தில் படிக்கிறீர்கள். கூரைத் தளம் போட்டுவிட்டீர்கள் என்றால் 5ஆம் படியைத் தாண்டிப் போகலாம், மற்றவை உதவும்.

1. முதலில் கண்ணைப் பற்றிக் கொஞ்சம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் வாட் கணக்கில் விளக்கு வாங்கி வருவோம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிய, அதற்கும் பின்னால் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளை அரிசியையும் வெள்ளைக் கல்லையும் போட்டுப் பாருங்கள், எத்தனை லைட் போட்டாலும் கண் கூசுமே தவிரக் கல் தெரியாது. பாட்டி முறத்தில் போட்டுப் பார்த்தபோது சட்டென்று தெரிந்ததற்குக் காரணம், முறத்தின் பழுப்பு நிறமும் பளபளப்பில்லாத பரப்பும்.

இரண்டாவது, கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் உணராது. ஒரு பல்பு எரியும் அறையில் அதே மாதிரி இன்னொரு பல்பைப் போட்டால் மீட்டர் இரண்டு மடங்கு காட்டும், கண்ணுக்கோ "கொஞ்சம் பரவாயில்லை" என்றுதான் தோன்றும். அதனால் இருட்டாக இருக்கிறதே என்று கூரையில் விளக்கை அடுக்கிக்கொண்டே போவது காசுக்குக் கேடு. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு விளக்கைக் கொண்டுபோங்கள். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும், பக்கத்தில் வந்தால் அதே கணக்கில் கூடும்.

மூன்றாவது, கண்ணில் படுவதில் எது மிகப் பிரகாசமாக இருக்கிறதோ, அதற்கு ஏற்றபடிதான் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பார்வைக்கு நேரே ஒரு விளக்கு பளீரென்று தெரிந்தால் மற்ற இடமெல்லாம் இருட்டாகத் தோன்றும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைவதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், நம் ஹாலில் இருப்பது நூறோ நூற்றைம்பதோ. கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடும், ஆனால் விழித்திரை முழுமையாக இருட்டுக்குப் பழக 20-30 நிமிடம் ஆகும்.

நான்காவது வயது, எங்கள் வீட்டில் நான் அடியோடு மறந்துபோன விஷயம் இதுதான். வயதாக ஆகக் கண்பாவை சிறுத்துப்போகும், விழிலென்ஸ் மஞ்சளடிக்கும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனக்குப் போதுமானது அம்மாவுக்குப் போதாது. அதோடு வயதானவர்களுக்குக் கூச்சமும் அதிகம், அதனால் வெறுமனே பெரிய பல்பாக மாட்டிவிட்டால் தொல்லைதான் கூடும். விளக்கு கண்ணில் படாமல், வெளிச்சம் மட்டும் வேலையின்மேல் விழ வேண்டும்.

2. யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள்

எலக்ட்ரீஷியன் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பாயிண்ட் சார்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு நோட்டில் வீட்டு வேலைகளை எழுதுங்கள். காய் நறுக்குவது, அரிசி களைவது, பிள்ளை படிப்பது, சவரம் செய்வது, புடவை எடுப்பது, மாத்திரை அட்டையில் பெயர் பார்ப்பது, ராத்திரி பாத்ரூம் போவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம், நேரம், செய்பவரின் வயது.

ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு லக்ஸ் வேண்டும் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகள் இவை. ஹாலில் பொதுவாக 100 முதல் 150, படுக்கையறையில் 100, சமையல் மேடைமேல் 300, படிக்கும் மேசையில் 300 முதல் 500, கண்ணாடிமுன் முகத்தில் 300, மாடிப்படியில் 100, ஊசி நூல் தையல் இருந்தால் 500க்கு மேல். அறுபதைத் தாண்டியவர் செய்யும் வேலையாக இருந்தால் இந்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள்.

லக்ஸ் மீட்டர் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. போனில் இருக்கும் இலவச ஆப் துல்லியமாகக் காட்டாது, ஆனால் இந்த இடத்தையும் அந்த இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் உங்களுக்கு வசதியாக இருக்கும் இடத்தை அளந்து பாருங்கள். அந்த எண் நான் மேலே சொன்னதைவிட உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

3. லூமென் கணக்கைப் போடுங்கள்

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். லூமென் என்பது அது கக்கும் வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் வந்து விழும் லூமென். இந்த மூன்றும் பிடிபட்டால் கடைக்காரர் உங்களைக் குழப்ப முடியாது.

10க்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 120 சதுர அடி. அதை 10.76ஆல் வகுத்தால் சுமார் 11 சதுர மீட்டர். 150 லக்ஸ் வேண்டும் என்றால் 11 × 150 = 1,650 லூமென் தரையில் விழ வேண்டும். ஆனால் விளக்கிலிருந்து வருவதில் ஒரு பகுதியைச் சுவரும் கூரையும் விழுங்கும், நாளாக ஆகத் தூசி படியும், எல்இடியும் மங்கும். அதனால் பாதிதான் வந்து சேரும் என்று வைத்து இரண்டால் பெருக்குங்கள், 3,300 லூமென். சந்தையில் கிடைக்கும் 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீள விளக்கு) ஒன்று சுமார் 2,000 லூமென், 9 வாட் பல்பு சுமார் 900. ஆக, இரண்டு பேட்டன் தாராளம். ஒரு பேட்டனும் இரண்டு பல்பும் போட்டாலும் கணக்கு சரியாக வரும்.

இது வெள்ளைக் கூரை, வெளிர் நிறச் சுவர் உள்ள அறைக்கான கணக்கு. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் முக்கால் பங்குக்குமேல் திருப்பிக் கொடுக்கும், அடர் நீலமோ காபி நிறமோ அடித்தால் பெரும்பகுதி போய்விடும். பெயின்ட் நிறத்தைக் கடைசியில் மாற்றுகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். என் தம்பி ஹாலின் ஒரு சுவருக்கு அடர் சாம்பல் அடித்த அன்று ராத்திரியே, "ஒரு லைட் ஃபியூஸ் போயிடுச்சா?" என்று வீட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

4. வரைபடத்தில் குறியுங்கள்

உங்கள் என்ஜினியர் கொடுத்த தரைத்திட்டத்தின் நகலை ஏ3 அளவில் எடுத்து, முதலில் பென்சிலால் கட்டில், சோபா, டிவி, சாப்பாட்டு மேசை, பீரோ, அடுப்பு, சிங்க், ஃபேன் எல்லாவற்றையும் வரையுங்கள். விளக்கு அப்புறம். பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விளக்கைக் குறித்ததால்தான் எங்கள் படுக்கையறையில் தலையணைக்கு நேர்மேலே ஒரு டவுன்லைட் வந்தது. படுத்தால் கண்ணுக்குள் அடிக்கும். இன்றுவரை அதை யாரும் போடுவதில்லை.

ஃபேன்தான் நம் வீடுகளில் பெரிய பொறி. 48 அங்குல ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து இரண்டு அடி நீளும். அதற்கு மேலே, அந்த வட்டத்துக்குள் ஒரு டவுன்லைட் இருந்தால் ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டு போகும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் நொடிக்குப் பதினேழு முறைக்கு மேல். இந்த வேகத்தில் வெட்டும் வெளிச்சம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், தலையை வலிக்கும். எங்கள் ஹாலில் ஃபேனைச் சுற்றி அழகுக்காக நான்கு டவுன்லைட், ஒவ்வொன்றும் மையத்திலிருந்து இரண்டரை அடியில். வட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன, ஆனாலும் அவற்றின் விரிந்த கதிர் இறக்கையில் பட்டு, எதிர்ச்சுவரில் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேன் மையத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு அடி தள்ளி வையுங்கள். பத்தடி அகல அறையில் அது சுவரிலிருந்து ஓரடி, ஒன்றரை அடிக்கு வந்துவிடும். அதில் ஒரு லாபமும் இருக்கிறது. சுவர் வெளிச்சமானால் அறையே வெளிச்சமாகத் தெரியும், நாம் நடமாடும்போது அதிகம் பார்ப்பது தரையைவிடச் சுவரைத்தான்.

சமையலறையில் கூரை நடுவில் ஒரு பொது விளக்கு போதும். மேடைக்கு, மேல் கப்போர்டின் அடியில் அலுமினியப் புரொஃபைலுக்குள் (நீளச் சட்டத்துக்குள்) எல்இடி ஸ்ட்ரிப் போடுங்கள். கப்போர்டின் பின்பக்கம் சுவரோரமாக ஒட்டாமல் முன் விளிம்பை ஒட்டி, சுவரைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து ஒட்டச் சொல்லுங்கள். கறுப்பு கிரானைட் மேடையாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். சுவரோரம் ஒட்டினால் ஸ்ட்ரிப்பின் பிம்பம் கிரானைட்டில் நீளமாகக் கோடு போட்டு நேரே கண்ணுக்கு வரும். பால்வெள்ளை மூடி உள்ள புரொஃபைலாக வாங்குங்கள், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். மீட்டருக்கு 500-600 லூமென் தரும் ஸ்ட்ரிப் தாராளம். எங்கள் மேடையில் மாற்றிய பிறகு அளந்தேன். அம்மா நின்று வேலை செய்யும்போதே 410 லக்ஸ். இதற்கான மின்பாயிண்ட் கப்போர்டுக்குக் கீழ்மட்டத்தில் சுவரில் வர வேண்டும், சுவிட்ச் கை எட்டும் உயரத்தில், சிங்க்கிலிருந்து தள்ளி.

கண்ணாடிக்கு மேலே மட்டும் விளக்கு வைத்தால் கண்குழியிலும் தாடைக்குக் கீழும் நிழல் விழும். இரண்டு பக்கமும் முக உயரத்தில் வையுங்கள். படிக்கும் மேசைக்கு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும்.

மாடிப்படியில் படியின் விளிம்பு தெரிய வேண்டும், அதுதான் குறி. ஒரே நிறக் கிரானைட்டில் படியும் விளிம்பும் கலந்துபோகும், விளிம்பில் வெளிர் நிறப் பட்டை போடச் சொல்லுங்கள். இறங்கி வருபவரின் கண்ணுக்கு நேரே பல்பு தெரியக்கூடாது. கீழே ஒன்று, மேலே ஒன்று என டூவே சுவிட்ச் கட்டாயம். அதேபோல் படுக்கையறையிலும், கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று.

பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தரைக்கு ஒரு எச்சரிக்கை. மேலே எத்தனை டவுன்லைட்டோ, தரையிலும் அத்தனை பிம்பம். அம்மா ஒரு நாள் தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று நினைத்து அதைத் தாண்டி நடந்தார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மேட் டைல்ஸ் வாங்குங்கள், அல்லது டவுன்லைட்டுக்குப் பதிலாகப் பரவலான ஒளி தரும் பேனலோ சுவர் விளக்கோ போடுங்கள்.

டவுன்லைட் வாங்குவதாக இருந்தால் அதன் கதிர்க் கோணத்தைப் பார்த்து இடைவெளியைத் தீர்மானியுங்கள். விளக்கிலிருந்து ஏழரை அடி கீழே இருக்கும் மேசைமேல் 24 டிகிரி விளக்கு மூன்றடி வட்டம் போடும், 36 டிகிரி ஏறத்தாழ ஐந்தடி, 60 டிகிரி எட்டரை அடிக்கு மேல். சாமி படத்தின் மேலோ சுவரில் மாட்டிய ஓவியத்தின் மேலோ படச் சிறிய கோணம் நல்லது. ஹாலுக்கு அகலக் கோணம்.

5. தளம் போடும் நாளும் அதற்கு முந்தைய நாளும்

கூரையில் வரும் விளக்குகளுக்கான பைப்பும் பெட்டியும், கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் வைக்கப்பட வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் இடைவெளி கிடைக்கும். மேஸ்திரி "நாளைக் காலை கான்கிரீட்" என்று முந்தின நாள் மத்தியானம்தான் சொல்வார். அதனால் வரைபடம் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். நான்கு நகல் எடுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு, என்ஜினியருக்கு, ஃபால்ஸ் சீலிங் ஆளுக்கு, உங்களுக்கு. உத்தரம் வரும் இடத்தில் பெட்டி வைக்க முடியாது என்பதால் என்ஜினியர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடட்டும்.

அன்று நீங்கள் தளத்தின்மேல் ஏறிப் பார்க்க வேண்டியவை:

சுவரின் உட்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணை வரைபடத்தில் எழுதுங்கள். எலக்ட்ரீஷியன் கண்ணளவில் வைத்ததால் எங்கள் வீட்டில் ஒரே வரிசையில் வர வேண்டிய மூன்று விளக்கில் நடுவிலுள்ளது நான்கு அங்குலம் விலகிவிட்டது.

பெட்டியின் வாயைக் காகிதமோ சாக்கோ திணித்து அடைத்திருக்கிறார்களா? இல்லாவிட்டால் சிமென்ட் பால் உள்ளே போய் இறுகிவிடும். பைப் இணைப்பில் பசை போட்டிருக்கிறார்களா? கான்கிரீட்டை இறுக்க வைப்ரேட்டர் போடும்போது மெல்லிய பைப் நசுங்கும், விலையில் சிறு வித்தியாசம்தான் என்பதால் கனமான ரகத்தையே வாங்கிக் கொடுங்கள். கான்கிரீட் போடும் அன்று எலக்ட்ரீஷியன் அங்கேயே இருக்க வேண்டும். இதைக் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

போட்டோ எடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் நான்கு மூலையிலிருந்து, டேப்பை விரித்து வைத்து அது தெரியும்படி. சுவரில் பைப் புதைத்த பிறகும், பூச்சு வேலைக்கு முன் இதே மாதிரி எடுங்கள். ஆறு மாதம் கழித்து அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

கூலி பேசும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயமும் உண்டு. "ஒரு பாயிண்ட்" என்றால் என்ன? டூவே சுவிட்சை ஒன்றாகக் கணக்கிடுவாரா, இரண்டாகவா? ஒரே சுவிட்சில் எரியும் நான்கு டவுன்லைட் ஒரு பாயிண்டா, நான்கா? விளக்கு மாட்டும் கூலி தனியா? எங்களுக்கு 58 பாயிண்ட் என்று கணக்கு வந்தபோதுதான் இந்தக் கேள்விகளே எழுந்தன. சண்டை போட்டுப் பயனில்லை, எழுதி வைக்காதது என் தவறு.

லைட் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே எம்சிபியில் (மின்சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) கொடுக்காமல் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒன்று விழுந்தால் வீடே இருட்டாகாது. இன்வெர்ட்டர் லைனில் எந்தெந்த விளக்கு என்பதையும் இப்போதே குறியுங்கள். மேடை ஸ்ட்ரிப், மாடிப்படி, பாத்ரூம், அறைக்கு ஒன்று. அலங்கார விளக்கு எதுவும் வேண்டாம்.

6. நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறம். பழைய குண்டு பல்பு 2,700, அதன் மஞ்சள் உங்களுக்குத் தெரியும். 6,500 என்பது நீலம் கலந்த வெள்ளை. நடுவில் 4,000.

நம் ஊரில் "வெள்ளை லைட்தான் பளிச்சுன்னு இருக்கும்" என்று எல்லா அறைக்கும் 6,500 வாங்குகிறோம். என் கருத்து, ஹாலுக்கும் சமையலறைக்கும் படிக்கும் இடத்துக்கும் 4,000, படுக்கையறைக்கும் பூஜை அறைக்கும் 2,700 அல்லது 3,000. பார்ப்பதற்கென்று இருக்கும் குச்சி செல்கள், கூம்பு செல்கள் தவிர, நம் விழித்திரையில் பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்லும் செல்கள் தனியாக உண்டு. 480 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளிக்குத்தான் அவை அதிகம் விழித்துக்கொள்ளும். ராத்திரி பத்து மணிக்கு 6,500 விளக்கின்கீழ் உட்கார்ந்தால் உடம்பு இன்னும் பகல் என்றே நினைக்கும், தூக்கம் தள்ளிப்போகும். பாத்ரூமுக்குப் போகும் வழியில் தரையோரமாக மங்கலான மஞ்சள் அல்லது செம்மஞ்சள் விளக்கு போதும். எழுந்து போய்விட்டு வந்து மறுபடி தூங்கலாம்.

ஒரு அறையில் ஒரு நிறம் மட்டும். சுவிட்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் மூன்று நிற விளக்குகளை நான் ஹாலில் வாங்கினேன். ஆறில் இரண்டு கொஞ்ச நாளில் கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் தனி நிறத்தில் எரிய ஆரம்பித்தன.

இன்னொரு எண் சிஆர்ஐ, பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு. 100 முழு மதிப்பு. ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போமே, அந்தப் பழக்கம் இதற்காகத்தான். சாதாரண எல்இடி 80 இருக்கும், பொது இடத்துக்கு அது போதும். பீரோ, முகக்கண்ணாடி, சாப்பாட்டு மேசை, பூஜை அறை இந்த நான்குக்கும் 90க்கு மேல் வாங்குங்கள். இந்த எண்ணில் ஒரு ஓட்டை உண்டு. அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் சேராது. குங்குமமும் தக்காளியும் முகத்தின் சிவப்பும் செத்துப்போனதுபோல் தெரிந்தால் காரணம் இதுதான். ஆர்9 என்று தனியாக எண் போட்டிருக்கும் விளக்கு கிடைத்தால், அதுவும் 50க்கு மேல் இருந்தால், கொஞ்சம் கூடுதல் கொடுத்து வாங்கலாம்.

7. கடையில்

முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள் வாங்கி ஒரு வாரம் எரியவிட்டுப் பாருங்கள். ஷோரூம் கூரை பதினைந்து அடி உயரம், நூறு விளக்கு எரிகிறது, அங்கே எதுவும் நன்றாகத்தான் தெரியும்.

பெட்டியில் லூமென், கெல்வின், சிஆர்ஐ மூன்றும் அச்சாகி இருக்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தரநிலை அமைப்பு) பதிவு எண் ஆர் என்ற எழுத்தில் தொடங்கி இருக்கும், எல்இடி பல்புக்கான தரக்குறியீடு ஐஎஸ் 16102. இது இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து எரியும் விளக்கைப் படமெடுங்கள். கோடு கோடாக ஓடினாலோ துடித்தாலோ உள்ளே இருக்கும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி) மட்டமானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தத் துடிப்பு நொடிக்கு 100 முறை வரும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் சிலருக்குக் கண் சோர்வும் தலைவலியும் வரும். படிக்கும் அறைக்கு இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே நாளில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள், கூடவே இரண்டு உபரியாக. ஒரே கம்பெனியின் 4,000 கெல்வின் விளக்குகள்கூடப் பேட்ச் மாறினால் ஒன்று பச்சையாகவும் ஒன்று ரோஜாவாகவும் தெரியும்.

25,000 மணி நேரம் என்று பெட்டியில் இருந்தால், பொதுவாக அது வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான காலம். முதலில் சாவது பெரும்பாலும் டிரைவர். அதனால் டிரைவரைத் தனியாக மாற்றக்கூடிய விளக்காக வாங்குங்கள், ஃபால்ஸ் சீலிங்கில் அதைக் கழற்றக் கை போகும் அளவு வழி வையுங்கள். வாரண்டி பெரும்பாலும் இரண்டு வருடம், பில் இருந்தால்தான் செல்லும். ஜிஎஸ்டி பில்லையே கேளுங்கள், வரி 18 சதவீதம். பில், வாரண்டி அட்டை, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வெட்டிய லேபிள், வரைபடம் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். பில்லின் அச்சு மங்கிப்போகும் என்பதால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். ஒருமுறை நான் கடைக்குக் கொண்டுபோன பில் வெள்ளைத் தாளாக இருந்தது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆசை இருந்தால், டிம்மபிள் என்று போட்ட விளக்கும் அதற்கேற்ற டிம்மரும் வாங்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடியை மாட்டிவிடாதீர்கள்.

8. செலவும் காலமும்

இவை நான் கொடுத்த விலைகள், ஊருக்கு ஊர் மாறும். 20 வாட் பேட்டன் ஒன்று 280 ரூபாய். சுமாரான டவுன்லைட் 450, சிஆர்ஐ 90 உள்ளது 1,100. சமையலறை ஸ்ட்ரிப் எட்டு அடிக்குப் புரொஃபைல், டிரைவர் உட்பட 2,600. அதற்காக டைல்ஸ் உடைத்து ஒட்டியதற்கு 6,500. லக்ஸ் மீட்டர் 1,400. இப்போது என்னைக் கேட்டால் 58 பாயிண்டுக்குப் பதில் 34 போதும் என்பேன். மிச்சமாகும் காசில் நல்ல விளக்குகள் வாங்கிவிடலாம்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே நேரத்தில் 150 வாட் விளக்கு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்.

காலக்கணக்கு இப்படி: வேலைப் பட்டியலுக்கும் வரைபடத்துக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கூரைப் பைப் ஒரு நாள். சுவர்ப் பைப், பூச்சுக்கு முன் நான்கைந்து நாள். சாம்பிள் சோதனை பூச்சு வேலை நடக்கும்போதே முடிந்துவிடலாம். ஒயர் இழுப்பது பெயின்ட்டுக்கு முன், விளக்கு மாட்டுவது கடைசிக் கோட்டுக்குப் பின். கிரகப்பிரவேச அவசரத்தில் முந்தின நாள் மாட்டுவதாக வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே மாட்டி, ஒரு ராத்திரி வீட்டின் மூத்தவரை அழைத்துப் போங்கள். மேடையில் தட்டை வைத்துப் பார்க்கட்டும், படியில் இறங்கட்டும், கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்க்கட்டும், மாத்திரை அட்டையைப் படிக்கட்டும். எலக்ட்ரீஷியனுக்குக் கடைசித் தவணைக் கூலியை அதற்குப் பிறகு கொடுங்கள்.

9. ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டீர்களா?

சுவரை உடைக்காமலே நிறையச் செய்யலாம். கூரையை வெள்ளையாக்குங்கள். கண்ணைக் கூசும் டவுன்லைட்டைக் கழற்றி, அதே ஓட்டைக்குப் பொருந்தும் பரவல் ஒளி விளக்கையோ, ஒளிமூலம் உள்ளே ஆழத்தில் இருக்கும் வகையையோ மாட்டுங்கள். ஃபேனுக்குப் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக ஒரு ஸ்டாண்ட் விளக்கு வைத்துப் பாருங்கள். மேடைக்கு, மிக்சி பிளக் பாயிண்டிலிருந்தே எடுக்கக்கூடிய பிளக் வைத்த ஸ்ட்ரிப் கிடைக்கிறது. டிரைவரைக் கப்போர்டுக்குள் வையுங்கள், அடுப்புக்கு மேலே வேண்டாம், சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் சீக்கிரம் போய்விடும். ஒயரில் சிறு சுவிட்ச் இருக்கும் வகையாகப் பார்த்து, அதை அம்மா நிற்கும் இடத்திலிருந்து ஈரக்கை படாமல் எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள்.